நிலை தெரியாதவருடன் பேசாதீர்

லிஃப்ட் மெக்கானிக் தன் வாழ்நாளில் படித்த மிக நீளமான காகிதம், ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தின் வயரிங் படம்தான். அதை விரித்தால் கூடம் நிறைந்துவிடும். சின்ன மகள் பள்ளியிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்த தெரிவுப் படிவம் அதைவிட இரண்டு முழம் நீளம் என்று அவர் இன்றைக்கும் சத்தியம் செய்வார். தையல் வேலை பார்க்கும் அவர் மனைவி டேப் வைத்து அளந்துவிட்டு, ஒன்றரை முழம்தான் என்கிறாள். இந்த விஷயத்தில் குடும்பத்துக்குள் இன்னும் சமரசம் ஏற்படவில்லை.

படிவம் கேட்டது ஒன்றே ஒன்றைத்தான். பதினோராம் வகுப்புக்குப் போகிறவர்கள் ஜெர்மன் மொழியை மேற்கொண்டு படிக்க இரண்டு பாடங்கள் இருந்தன. ஒன்று உயர்நிலை ஜெர்மன், இன்னொன்று ஆழ்நிலை ஜெர்மன். ஏதாவது ஒரு பெட்டிக்குள் டிக் போட வேண்டும். அந்த டிக்கைப் போடுவதற்கு முன்னால் முப்பத்தேழு கேள்விகளைக் கடந்து வர வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டாவது கேள்வி இப்படி இருந்தது: "இதற்கு முந்தைய பதினொரு கேள்விகளுக்கும் அவசரப்படாமல் பதில் எழுதினீர்களா? இல்லையெனில் முதலிலிருந்து தொடங்கவும்." மெக்கானிக் நேர்மையான மனிதர். மூன்று முறை முதலிலிருந்து தொடங்கினார்.

"ஏம்மா, உயர்நிலைக்கும் ஆழ்நிலைக்கும் என்ன வித்தியாசம்?"

"அது தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு கண்டுபிடிக்கத்தான் இந்த ஃபாரமோ என்னவோப்பா."

"எங்க தொழில்ல மேல போறதும் கீழ வர்றதும் ஒரே பெட்டிதான். பட்டன்தான் வேற."

"அதை அங்க வந்து சொல்லிடாதீங்க. உங்களுக்கும் ஒரு ஃபாரம் கொடுத்துடுவாங்க."

இதில் அவர்களுக்கு ஒரு அவசரம் இருந்தது. பெரிய மகள் கல்யாணமாகி ஜெர்மனியில் இருந்தாள். இரண்டாவது பிரசவத்துக்கு முன்னால் படுத்த படுக்கையாக இருக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் வேலை. ஆகவே நாலு வயது மூத்தவனை, எல்லோரும் குட்டி என்று கூப்பிடுகிற பேரனை, மூன்று மாதம் இங்கே கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. குட்டிக்கு ஜெர்மன் மட்டும்தான் தெரியும். நம் மொழியில் அவனுக்குத் தெரிந்தவை 'பால்', 'வேண்டாம்' என்ற இரண்டே சொற்கள். அவற்றையும் பெரும்பாலும் சேர்த்தேதான் சொல்வான். அவனுக்குத் தலை வலித்தால், பயமாக இருந்தால், அம்மா வேண்டும் என்று தோன்றினால், அது என்னவென்று கேட்டுச் சொல்ல வீட்டில் இருந்த ஒரே ஆள் சின்னவள். ஜெர்மனில் தொண்ணூற்றேழு மார்க் வாங்கியவள்.

அந்தத் தைரியத்தில் ஒருநாள் போனில் குட்டியைக் கூப்பிட்டாள். நான்கு வருடப் படிப்பையும் திரட்டி, தனக்கு மிக நன்றாகத் தெரிந்த பாடத்தை ஜெர்மனில் சொன்னாள்: அஞ்சலகத்துக்கு எதிரில் ஒரு நூலகம் இருக்கிறது. நூலகத்தின் வலப்பக்கம் ஒரு பாலம் இருக்கிறது. குட்டி சற்று நேரம் யோசித்தான். பிறகு போனை அம்மாவிடம் கொடுத்து ஏதோ கேட்டான்.

"என்னக்கா சொல்றான்?" என்றாள் சின்னவள் ஆவலாக.

பெரியவள் தயங்கினாள். "சித்தி வழி தவறிப் போயிட்டாங்களான்னு கேக்கறான்."

மனைவி ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னாள்: "தொண்ணூத்தேழு மார்க்குல 'சாப்டியா கண்ணு'ன்னு ஒரு வார்த்தை இல்லை. மீதி மூணு மார்க்குலதான் அது இருந்திருக்கும் போல."

சின்னவள் படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ரெண்டுல எதுல பேசக் கத்துக் கொடுக்கறாங்களோ அதுல டிக் போட்டுடறேன்" என்றாள். அவளுக்குத் தேவையாக இருந்தது அவ்வளவுதான்.

பெற்றோருக்கான விளக்கக் கூட்டம் நான்காவது மாடியில், மொழித்துறை அரங்கில் நடந்தது. வாசலில் பித்தளைப் பலகை ஒன்று மாட்டியிருந்தது. 'நிலை தெரியாதவருடன் பேசாதீர்.' மெக்கானிக் அதை உயர்மின்னழுத்த எச்சரிக்கை என்று நினைத்து, பழக்க தோஷத்தில் கையுறை இருக்கிறதா என்று பாக்கெட்டைத் தடவினார்.

மேடையில் மொழித்துறைத் தலைவர் எழுந்தார். அவர் எழுந்ததும் ஐந்து பேர் கொண்ட தெரிவுக் குழுவும் எழுந்தது. அவர் தொண்டையைச் செருமியதும் குழுவும் செருமியது.

"பெற்றோர்களே, இந்தப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஜெர்மன் கற்பிக்கிறோம். இத்தனை ஆண்டுகளில் எங்கள் மாணவர் ஒருவர்கூட ஜெர்மனைத் தவறாகப் பேசினார் என்று ஒரு புகார் வந்ததில்லை. ஏன் வந்ததில்லை? நாங்கள் அவர்களைப் பேச விடுவதில்லை."

கைதட்டல் எழுந்தது. மெக்கானிக்கும் தட்டினார். தட்டிய பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. கையைத் தூக்கினார்.

"சார், பேச்சுத் தேர்வுக்கு இருபது மார்க்குன்னு ஃபாரத்துல போட்டிருக்கே?"

"நல்ல கேள்வி. பேச்சுத் தேர்வு உண்டு. எழுத்தில் நடத்துகிறோம். வாயால் நடத்தினால் ஒரு பிள்ளைக்குக் குரல் கணீரென்று இருக்கும், இன்னொரு பிள்ளைக்கு ஜலதோஷம் பிடித்திருக்கும். சமத்துவம் என்ன ஆவது?"

"அப்ப காதால கேக்கற தேர்வு?"

"அதற்கும் கேள்வித்தாள்தான். ஆனால் அதை மிகவும் அமைதியாக விநியோகிப்போம்."

மெக்கானிக் உட்காரவில்லை. எதில் பேசக் கற்றுக் கொடுக்கிறார்கள் என்று கேட்டு வருவதாக மகளுக்குக் கொடுத்த வாக்கு அவரை நிற்க வைத்தது. "அப்ப இந்த ரெண்டு பாடத்துல எதுல சார் பேசுவாங்க?"

இதற்குப் பதில் சொல்லத் தெரிவு ஒருங்கிணைப்பாளர் அம்மா எழுந்தார். கழுத்தில் ஒரு பட்டுக் கயிறு, அதன் நுனியில் இரண்டு சாவிகள். "ஐயா, உயர்நிலையில் மொழியை மேலிருந்து பார்க்கிறோம். ஆழ்நிலையில் கீழிருந்து பார்க்கிறோம்."

"உள்ள போய்ப் பாக்கறது?"

"அதற்குத் தனி அனுமதி வேண்டும். இதுவரை யாரும் கேட்டதில்லை."

பித்தளைப் பலகைக்கான விளக்கமும் அன்றே கிடைத்தது. உயர்நிலை ஆளிடம் ஆழ்நிலை வாக்கியம் ஒன்றைச் சொல்லிவிட்டால் அவருடைய மொழி உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும், காயம் வெளியே தெரியாது என்றார் துறைத்தலைவர். அதனால்தான் ஒருவருடைய நிலை இன்னதென்று எழுத்துப்பூர்வமாகத் தெரியாத வரை, அவரிடம் ஜெர்மனில் ஒரு சொல்லும் பேசுவதில்லை என்பது துறையின் விதி. அந்த விதியை மிகக் கறாராகப் பின்பற்றியவர் துறைத்தலைவரேதான். அவர் ஜெர்மன் பேசி யாரும் கேட்டதில்லை.

கூட்டம் முடிந்ததும் பெற்றோருக்கு மாதிரி வகுப்பு. இரண்டு பாடங்களுக்கும் ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஒரே புத்தகம். ஒன்றுக்கு நீல அட்டை, மற்றதற்குப் பச்சை அட்டை. உயர்நிலைக்காரர்கள் வலப்பக்கச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், ஆழ்நிலைக்காரர்கள் இடப்பக்கச் சுவரை. ஆசிரியர் நடுவில் நின்று இரண்டு வரிசை முதுகுகளுக்கும் பாடம் நடத்துவார். மெக்கானிக் அரைமணி நேரம் ஒரு சுண்ணாம்பு வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெடிப்பு அஸ்திவாரத்திலிருந்து வருகிறது என்பது அவருடைய அபிப்பிராயம். கழுத்து வலித்து முன்பக்கம் திரும்பப் போனவரை ஒருங்கிணைப்பாளர் அம்மா தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"முன்னால பாக்காதீங்க. கரும்பலகை இருக்கு."

"கரும்பலகையைப் பாக்கத்தானேங்க வகுப்பு?"

"அது உயர்நிலைக்குச் சொந்தமா, ஆழ்நிலைக்குச் சொந்தமான்னு இன்னும் முடிவாகலை. இருபது வருஷமா யாரும் எழுதறதும் இல்லை, அழிக்கறதும் இல்லை. திரை போட்டு வெச்சிருக்கோம்."

மெக்கானிக் மறுபடி வெடிப்பைப் பார்த்தார்.

படிவத்தின் முப்பத்தோராவது கேள்வியில்தான் சனி புகுந்தது. 'உங்களுக்கு அறிமுகமானவர்களில் ஜெர்மன் அறிந்தவர் எவரேனும் உண்டா?' மெக்கானிக் உண்மையைத்தான் எழுதினார்: "வேலை செய்யும் இடத்தில் ஒரு ஜெர்மன்காரர் இருக்கிறார். அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்."

பள்ளிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் புது லிஃப்ட் பொருத்துவதற்காக கம்பெனி அனுப்பிய ஆள் அவர். கதவில் தலை இடிக்கும் உயரம் என்பதால் நெட்டை என்று பெயர். அவரும் மெக்கானிக்கும் எட்டு வாரமாக ஒரே லிஃப்ட் குழிக்குள் வேலை பார்த்தார்கள். இருவருக்கும் பொதுவாக இருந்தது பதினோரு ஜெர்மன் வார்த்தைகள். நில், மெதுவா, பொறு, கையை எடு, மேலே, கீழே, திற, மூடு, போதும் என்று அந்த வகை. வேலை முடிந்தால் நெட்டை "ஃபெர்டிஷ்" என்பார். முடிந்தது என்று அர்த்தம். மெக்கானிக் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு "குட்" என்பார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பதினொன்றை வைத்துக்கொண்டு இரண்டு டன் எடையுள்ள பெட்டியை ஆறு மாடி தூக்கியிருக்கிறார்கள், ஒரு விரல்கூட நசுங்காமல்.

டிக் போடுவதற்கு முன் படிவத்தை ஒருங்கிணைப்பாளர் அம்மா ஒருமுறை சரிபார்ப்பது வழக்கம்; ஜெர்மன்காரர் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார் என்று அதில் தெரிந்ததும் பள்ளி அவரைத் தெரிவுத் திருநாளுக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. நெட்டை தலை வாரி, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். ஆனால் அவருடைய நிலை எழுத்துப்பூர்வமாகத் தெரியாதே. ஆகவே மேடை ஏறுவதற்கு முன் அவரை ஓர் அறையில் உட்கார வைத்து, மூன்று மணி நேர நிலையறி தேர்வு எழுத வைத்தார்கள். நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கினார். 'அடிப்படைக்கு முந்தைய நிலை' என்று சான்றிதழ் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, அதே மேடையில் அவருக்கே பரிசளித்தார்கள்.

துறைத்தலைவர் ஒலிபெருக்கியில் பெருந்தன்மையாகப் பேசினார். "விருந்தினரைக் குறை சொல்வதற்கில்லை. சொந்த மொழி என்ற தைரியத்தில் வேகமாக எழுதிவிட்டார். அந்தத் தைரியத்தைத்தான் நாங்கள் பிள்ளைகளிடமிருந்து முதல் ஆண்டிலேயே எடுத்துவிடுகிறோம்."

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் நெட்டை மேடையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அடிப்படைக்கு முந்தைய நிலையில் உள்ளவரிடம் பேசும் தகுதி குழுவில் யாருக்கும் இல்லை. எல்லோரும் அதைவிட மேலே இருந்தார்கள்.

விழா முடிந்து நடைக்கூடத்தில் அவர் திணறிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவள் சின்னவள். தனக்குத் தெரிந்த நூலகத்தையும் பாலத்தையும் ஒதுக்கிவிட்டு, 'பசி' என்ற ஒற்றைச் சொல்லைத் தேடிப் பிடித்து, கேள்வியாகச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்து எதையோ படபடவென்று பொழிந்தார். அவளுக்கு முக்கால்வாசி புரியவில்லை. ஆனாலும் இருவரும் மூன்று நிமிடம் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். ஒருங்கிணைப்பாளர் அம்மா அதைத் தூணுக்குப் பின்னாலிருந்து கடிகாரத்தோடு பார்த்தார்.

மறுநாள் ஓலை வந்தது. 'நிலைமீறிய உரையாடல்' குற்றத்துக்காக, மாணவி நாற்பது நாட்களுக்கு ஜெர்மன் வகுப்புக்கு வரக் கூடாது. அதுவரை ஜெர்மனில் எதையும் புரிந்துகொள்ளவும் கூடாது. அதன் பிறகே தெரிவுப் படிவம் பரிசீலிக்கப்படும்.

"நாற்பது நாளா?" என்றாள் மனைவி. "குட்டி வர்றதுக்கு இருபது நாள்தானே இருக்கு?"

சின்னவள் அழுவாள் என்று மெக்கானிக் எதிர்பார்த்தார். அவள் டைம்டேபிளைப் பார்த்தாள். ஜெர்மன் பீரியட், சாப்பாட்டு வேளைக்கு முந்தினது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரம். ஆஸ்பத்திரி பக்கத்து வாசல்.

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு லிஃப்ட் மெஷின் ரூமுக்கு வந்துவிட்டாள். நெட்டை ஸ்பேனரைக் காட்டினால் அதன் பெயர் சொல்வாள். தப்பாகச் சொன்னால் அவர் வேறு ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பார், அவ்வளவுதான் தண்டனை. சூடு, ஜாக்கிரதை, வலிக்குதா, பயமா, இங்க வா, இன்னும் வேணுமா என்று ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. நெட்டைக்கும் ஊரில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவளைத் தூங்க வைக்கும்போது என்ன சொல்வார் என்று கேட்டு, அதையும் எண்ணெய்க் கறை படிந்த அட்டையில் எழுதி வைத்துக்கொண்டாள். மகள் புரிந்துகொள்ளக் கூடாதென்ற தடையை மீறிக்கொண்டிருக்கிறாளே என்று மெக்கானிக்குக் கொஞ்சம் உறுத்தியது. மெஷின் ரூம் பள்ளி எல்லைக்குள் வராது என்று சமாதானம் செய்துகொண்டார்.

குட்டி வந்து சேர்ந்தான். மாப்பிள்ளை அவனை விட்டுவிட்டு மறுநாளே திரும்பிப் போனார். முதல் இரண்டு நாள் வீட்டில் ஒரே அழுகை. சின்னவள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினாள். பாதி தப்பு. அவன் அழுகையை நிறுத்திவிட்டு அவளைத் திருத்துவான், திருத்தி முடித்ததும் எதற்காக அழுதோம் என்று மறந்துவிடுவான். வேடிக்கை என்னவென்றால், மெக்கானிக்கின் பதினோரு வார்த்தைகளும் அப்படியே பொருந்தின. நில். மெதுவா. கையை எடு. கீழே. வாயைத் திற. போதும். இரண்டு டன் பெட்டிக்கும் நாலு வயதுப் பேரனுக்கும் சொல்ல வேண்டியவை கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று அவர் கண்டுபிடித்தார்.

படிவத்தைக் கொடுப்பதற்கான கடைசி நாள் இதற்குள் மூன்று முறை தள்ளிப் போயிருந்தது. படிவத்தில் எந்தப் பெட்டி இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பதில் குழுவுக்குள் தகராறு. கடைசியில் ஒரு நாள் குறித்தார்கள். தடையின் முப்பத்தொன்பதாவது நாள் அது; நாலாவது முறை தள்ளிப் போட விதியில் இடமில்லை. மனைவிக்குத் தையல் கெடு. ஆகவே மெக்கானிக் மகளோடு குட்டியையும் கையில் பிடித்துக்கொண்டு நான்காவது மாடிக்குப் போனார். வழியில் குட்டி ஒரு பாட்டில் ஜூஸ் முழுவதையும் குடித்திருந்தான்.

குழு அறையில் இளம்பச்சை நிறத்தில் புதுக் கம்பளம் விரித்திருந்தது. ஐந்து பேரும் மேசைக்குப் பின்னால். சின்னவள் படிவத்தை விரித்தாள். மேசை போதாமல் அதன் மறுமுனை தரையில் புரண்டது. துறைத்தலைவர் முதல் கேள்வியை வாசிக்கத் தொடங்கினார். நாலாவது கேள்வியில் குட்டி முன்னால் வந்து நின்று, ஜெர்மனில், தெளிவாக ஒரு வாக்கியம் சொன்னான்.

இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்த அறையில் ஜெர்மனில் பேசப்பட்ட முதல் வாக்கியம் அது.

சின்னவள் துள்ளி எழுந்தாள். "சார், அவனுக்கு..."

"உட்கார்," என்றார் துறைத்தலைவர். "உனக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி. அவன் சொன்னது உனக்குப் புரிந்திருக்கக் கூடாது."

"புரிஞ்சிடுச்சு சார்."

"குறித்துக்கொள்ளுங்கள்," என்றார் அவர் குழுவைப் பார்த்து. பிறகு குரலைத் தாழ்த்தினார். "குழந்தையின் நிலை என்ன?"

அந்தக் கேள்விதான் குழுவைப் பிடித்துக்கொண்டது. சின்னப் பையன் என்பதால் உயர்நிலையாக இருக்க முடியாது என்றார் ஒருவர். இவ்வளவு அழுத்தமாகச் சொன்னதால் ஆழ்நிலைதான் என்றார் இன்னொருவர். நிலையறி தேர்வு வைக்கலாம், அவனுக்கு எழுதத் தெரியாவிட்டால் எழுத்தில் விலக்குக் கோரி விண்ணப்பிக்கலாம் என்றார் மூன்றாமவர். குட்டி அதே வாக்கியத்தை மறுபடி சொன்னான், இந்த முறை கொஞ்சம் வேகமாக.

மெக்கானிக்கின் பதினொன்றில் அந்த வார்த்தை இல்லை. ஆனால் பையன் கால் இரண்டையும் பின்னிக்கொண்டு நின்ற தினுசுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு. "மேடம், பாத்ரூம் எங்கங்க?"

ஒருங்கிணைப்பாளர் அம்மா கழுத்துச் சாவிகளைத் தொட்டுக்கொண்டார். "உயர்நிலைக்கு வலப்பக்கம், ஆழ்நிலைக்கு இடப்பக்கம். குழந்தை எதுன்னு முடிவானதும் சாவி தர்றேன்."

"எதையாவது ஒண்ணைத் தாங்க."

"எதையாவது ஒண்ணைத் தர்றதுக்கு எதுக்கு ஒரு குழு?" என்றார் துறைத்தலைவர். நியாயமான கேள்வி.

சின்னவள் குட்டியைத் தூக்கிக்கொண்டு கதவை நோக்கிப் போனாள். கதவை அவர்கள் விசாரணை முடியும்வரை தாழிட்டிருந்தார்கள். தாழ்ப்பாளில் அவள் கை பட்ட நேரத்தில் குட்டி அவளிடமிருந்து வழுக்கி இறங்கி, கம்பளத்தின் நடுவே போய் நின்றுவிட்டான். குழு, வாக்கெடுப்புக்காகக் கை தூக்கிய நிலையில் அப்படியே அவனைப் பார்த்தது. இளம்பச்சை மெல்லக் கரும்பச்சையானது. கரும்பச்சை விரிந்து, தரையில் புரண்ட படிவத்தின் முனையைத் தொட்டு, மேலே ஏறியது.

"ஃபெர்டிஷ்," என்றான் குட்டி.

ஐந்து பேரும் துறைத்தலைவரைப் பார்த்தார்கள். துறைத்தலைவர் சன்னலைப் பார்த்தார்.

"முடிஞ்சுடுச்சாம் சார்," என்றார் மெக்கானிக். பிறகு, அத்தனை வாரப் பழக்கம் விடுமா, பேரனைப் பார்த்து "குட்" என்றார்.

குட்டியின் உதடு பிதுங்கத் தொடங்கியது. சின்னவள் ஈரத்தைப் பார்க்காமல் முழந்தாளிட்டு, அவன் காதில் ஜெர்மனில் ஏதோ சொன்னாள். அட்டையில் இல்லாத வாக்கியம், அவளே கட்டியது. இரண்டு இடத்தில் தப்பு. குட்டி விக்கலுக்கு நடுவே முதல் தப்பைத் திருத்தினான். இரண்டாவதை விட்டுவிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

பத்து நாள் கழித்துப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. படிவத்தின் முனையில் மை கரைந்து இரண்டு பெட்டிகளிலும் சமமாகப் பரவியிருப்பதாலும், ஈரத்தின் நிலையைக் குழு ஒருமனதாக முடிவு செய்ய இயலாததாலும், மாணவி இரண்டு பாடங்களையும் தெரிவு செய்ததாகக் கருதப்படுகிறது. எந்தப் பெட்டியில் டிக் போட்டிருந்தாய் என்று வீட்டில் கேட்டால் சின்னவள் இன்றுவரை சிரிக்கிறாள்.

இரண்டையும் தெரிவு செய்தவரை எந்தச் சுவரைப் பார்த்து உட்கார வைப்பது என்பதற்கு விதி இல்லை. வேறு வழியில்லாமல் அவளை நடுவில், நேராக முன்பக்கம் பார்த்து உட்கார வைத்தார்கள். அவள் பார்ப்பதற்கு ஏதாவது வேண்டுமே என்று, இருபது வருடத்துக்குப் பிறகு கரும்பலகையின் திரையை விலக்கினார்கள்.

முதல் நாள் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தவளிடம், குட்டிக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டே மெக்கானிக் கேட்டார். "என்னம்மா, அந்தப் பலகையில என்னதான் எழுதியிருந்துச்சு?"

"தேதி அழிஞ்சு போச்சுப்பா," என்றாள் அவள். "மீதி நல்லாத் தெரியுது. 'நாளை முதல் பேச்சுப் பயிற்சி.'"